ஐந்நூறு பிரதிகள்

2012 நவம்பர் 8ஆம் தேதி ஜெர்மனியில் பீட்டர் நாம்லுக் இறந்துபோனார். வயது 51. பெரிய பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் வரும் மரணம் இல்லை அது. ஆனால் உலகம் முழுக்கச் சிதறிக்கிடந்த சில ஆயிரம் பேருக்கு அன்றைக்கு ஒரு விநோதமான சிக்கல் வந்தது. இருபது வருஷமாக அவர்கள் வாங்கிச் சேர்த்த தட்டுகளுக்கு இசையமைத்தவர், பதிவுசெய்தவர், வெளியிட்டவர், விற்றவர் எல்லாமே பெரும்பாலும் அந்த ஒரே ஆள்தான். ஆள் போனதும் கடையும் போயிற்று. அடுத்த தட்டு வராது. அது பரவாயில்லை, சாவு எல்லாருக்கும் உண்டு. ஏற்கெனவே வந்தவை என்னவாகும்?

நாம்லுக்கின் இயற்பெயர் பீட்டர் கூல்மன். கூல்மன் என்ற ஒலியைத் தலைகீழாகப் படித்தால் நாம்லுக். 1992இல் பிராங்க்ஃபர்ட்டில் ஒரு இசைத்தட்டு நிறுவனம் ஆரம்பித்தார். பெயர் வைக்கச் சோம்பலோ, குறும்போ தெரியாது, தன் ஃபேக்ஸ் எண்ணையே நிறுவனத்தின் பெயராக வைத்துவிட்டார். தட்டு வேண்டுமென்றால் முகவரி தேட வேண்டாம், பெயரைப் பார்த்து அப்படியே ஃபேக்ஸ் அனுப்பிவிடலாம். ரசிகர்கள் சுருக்கமாக 'ஃபேக்ஸ்' என்றே சொல்வார்கள். ஆரம்ப வருஷங்களில் பல தட்டுகள் ஐந்நூறு, ஆயிரம் பிரதிகள்தான் அச்சாயின. தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஆனால் அடுத்தது உடனே வந்துவிடும். கிளாஸ் ஷுல்ஸ், பில் லாஸ்வெல், டெட்சு இனோவே என்று யார் யாரோடோ சேர்ந்து வாசித்து, இருபது வருஷத்தில் சில நூறு தட்டுகள். ஒரு தட்டில் மூன்றே மூன்று உருப்படி இருக்கும். ஒவ்வொன்றும் இருபது நிமிஷம் ஓடும். தாளம் இருக்காது, பாட்டு இருக்காது. ஒரு சுரம் மெல்ல எழும், இன்னொன்று அதன் மேல் படரும், எங்கோ மழை பெய்கிற மாதிரி இருக்கும். அதை வாங்குவதற்கென்றே ஐந்நூறு பேர் காத்திருந்தார்கள்.

தமிழில் இலக்கியம் படிக்கிறவர்களுக்கு இந்த ஐந்நூறு என்ற எண்ணை விளக்க வேண்டியதில்லை. நமக்கு அது நன்றாகத் தெரிந்த எண். சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' தொடங்கி 1970 வரை நடத்தினார். பிறகு புத்தகங்களைப் பையில் போட்டுக்கொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி விற்றார். ஆசிரியரே பதிப்பாளர், அவரே பார்சல் கட்டுகிறவர். இசையில் இதற்கு 'இன்டிபென்டன்ட் லேபிள்' என்று பெயர் வைத்துப் பெரிய விஷயமாகப் பேசுகிறார்கள். நாம் அதைச் சிற்றிதழ் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தோம். 'லேபிள்' என்பது இசைத்தட்டின் நடுவில் ஒட்டும் வட்டக் காகிதம். அந்தக் காகிதத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருடைய ரசனைக்கு அவர் உத்தரவாதம் கொடுக்கிறார், அவ்வளவுதான். க.நா.சு. ஒரு பட்டியல் போட்டால் அதை நம்பிப் படித்த ஆட்கள் இருந்த மாதிரி.

இந்த வகை இசைக்கு 'ஆம்பியன்ட்' என்று பெயர் வைத்தவர் பிரையன் ஈனோ. அவர் கதையிலும் ஒரு சின்ன நிறுவனம் உண்டு. 1975இல் 'அப்ஸ்க்யூர்' என்று ஒன்றைத் தொடங்கினார். யாருக்கும் தெரியாதது என்று அர்த்தம், பெயரிலேயே வியாபாரத்தை முடித்துவிட்டார். 1978க்குள் பத்துத் தட்டுகள், அதோடு சரி. அதில் மூன்றாவது அவருடைய 'டிஸ்க்ரீட் மியூசிக்'. அதற்குப் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது. கார் மோதிப் படுக்கையில் கிடந்தவரைப் பார்க்கவந்த தோழி ஒரு யாழிசைத் தட்டைப் போட்டுவிட்டுப் போனார். சத்தம் ரொம்பக் குறைவாக இருந்தது, எழுந்துபோய்க் கூட்டத் தெம்பு இல்லை. வெளியே மழை. மழையும் யாழும் கலந்து, யாழ் சில இடங்களில் மட்டும் மழைக்குள்ளிருந்து தலைகாட்டியது. இசை அறையின் ஒரு பகுதியாக, வெளிச்சம் மாதிரி, இருக்கலாமே என்று ஈனோவுக்குத் தோன்றியது அப்போதுதான். 1978இல் விமான நிலையங்களுக்கான இசை என்று ஒரு தட்டு போட்டு, அதன் உறையில் இதற்கு இலக்கணமே எழுதினார்: கவனித்துக் கேட்டாலும் நிற்க வேண்டும், கவனிக்காமல் விட்டாலும் நிற்க வேண்டும்.

இலஞ்சியில் ஆனி, ஆடி மாதங்களில் உட்கார்ந்துகொண்டு இதைப் படித்தால் கொஞ்சம் சிரிப்பு வரும். இங்கே சாரல் விழும்போது எந்தப் பாட்டைப் போட்டாலும் ஈனோவின் படுக்கையறைதான். குற்றாலத்தில் பேரருவி ஏறக்குறைய இருநூறு அடி உயரம். நேராக விழாமல் நடுவில் பொங்குமாங்கடலில் விழுந்து, நிரம்பி, பிறகு கீழே கொட்டுகிறது. அருவிச் சத்தம் என்று நாம் சொல்வது தண்ணீர் பாறையில் அடிக்கும் சத்தம் மட்டும் இல்லை. தண்ணீருக்குள் சிக்கும் காற்றுக் குமிழிகள் ஒவ்வொன்றும் மணி மாதிரி ஒலிக்கின்றன. மின்னார்ட் என்ற டச்சு விஞ்ஞானி 1933இல் இதைக் கணக்குப் போட்டார். மூன்று மில்லிமீட்டர் ஆரம் உள்ள குமிழி நொடிக்கு ஏறக்குறைய ஆயிரம் முறை அதிரும். குமிழி சிறுத்தால் சுருதி ஏறும். லட்சக்கணக்கான குமிழிகள், எல்லா அளவிலும், ஒரே நேரத்தில். அருவி என்பது கணக்கற்ற சுருதிகளின் கூட்டம். பக்கத்து ஊருக்கு மத்தளம்பாறை என்று பெயர் வைத்தவர்களுக்குக் காது நன்றாகத்தான் இருந்திருக்கிறது. (இப்போது அந்த ஊரை மென்பொருள் கம்பெனியை வைத்துத்தான் எல்லாருக்கும் தெரியும்.)

ஆம்பியன்ட் இசை மேற்கே பிறந்தது என்று சொல்வது பாதி உண்மை. மறு பாதி நம் வீட்டுக் கச்சேரிகளில் பாடகருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. தம்புரா.

1955இல் யெஹுதி மெனுஹினின் முயற்சியில் அலி அக்பர் கான் அமெரிக்காவில் ஒரு நீண்ட இசைத்தட்டு பதிவுசெய்தார். சரோத் அவர், தபலா சதுர் லால், தம்புரா ஷிரிஷ் கோர். லா மான்டி யங் என்ற இளைஞர் அதைக் கேட்டுவிட்டு சரோத்தை விட்டுவிட்டுத் தம்புராவைப் பிடித்துக்கொண்டார். மாறாமல் நிற்கும் ஒரு ஒலிக்குள் இவ்வளவு நடக்கிறதா என்று அவருக்கு ஆச்சரியம். 1960களில் அவருடைய குழு மணிக்கணக்கில் ஒரே சுருதியைப் பிடித்து நிறுத்தி வாசித்தது. 1970இல் கிரானா பாணிப் பாடகர் பண்டிட் பிரான் நாத் அமெரிக்கா போனபோது யங்கும், டெர்ரி ரைலியும் அவருக்குச் சிஷ்யர்கள் ஆனார்கள். பின்னால் ஜான் ஹாசலும் அவரிடம் கற்றார். அந்த ஹாசல் 1980இல் ஈனோவோடு சேர்ந்து தட்டு போட்டார். ஆக, தம்புராவிலிருந்து ஆம்பியன்டுக்கு இரண்டே கை மாற்றம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி வேறு. யங்கும் அவர் துணைவி மரியன் ஜஸீலாவும் 'ஜஸ்ட் ட்ரீம்ஸ்' என்று சொந்தமாக ஒரு சின்ன நிறுவனம் வைத்திருந்தார்கள். 1999இல் அதில் ஒரு குறுந்தட்டு வெளியிட்டார்கள். 1982இல் பதிவுசெய்தது. தங்கள் குரு பிரான் நாத்தின் தம்புராக்கள் மட்டும், ஒரு மணி நேரத்துக்கும் மேல். பாட்டு இல்லை. பாடப்போகிறவர் வரவே மாட்டார். நம்மூர் ரசிகர் ஒருவரிடம் கொடுத்தால், "கச்சேரி எப்ப ஆரம்பிக்கும்?" என்று கேட்பார். கேள்வி நியாயமானதுதான். நாம் தம்புராவைத் தரை மாதிரி நினைத்தோம், அதன் மேல் நடப்பதுதான் இசை. அவர்கள் தரையைக் குனிந்து பார்த்தார்கள்.

நம் பதிவுகளில் தம்புரா காணாமல்போனதற்குத் தொழில்நுட்பமும் ஒரு காரணம். 1902இல் கிராமபோன் கம்பெனி கல்கத்தாவில் பதிவு ஆரம்பித்தபோது மைக் கிடையாது. ஒரு பெரிய கூம்புக்குள் உரக்கப் பாட வேண்டும். அந்தச் சத்தமே ஊசியை அசைத்து மெழுகில் கோடு போடும். தம்புராவின் மெல்லிய ஒலிக்கு ஊசியை அசைக்கும் சக்தி கிடையாது. அந்த வேலையை ஆர்மோனியம் எடுத்துக்கொண்டது. 1925 வாக்கில் மின்முறைப் பதிவு வந்த பிறகு நிலைமை மாறியது. ஆனாலும் பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துச் சொச்சம்தான். மூன்று நிமிஷத்தில் ராகத்தின் வாசலில் கால் வைத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். செங்கோட்டை கிட்டப்பா இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் 1906இல் பிறந்தவர், 1933இல் 27 வயதில் போய்விட்டார். சினிமாவில் நடிக்கவில்லை. நாடக மேடையில் விடியவிடிய நின்ற அந்தக் குரலில் நமக்கு மிஞ்சியிருப்பது இந்த மூன்று நிமிஷத் துண்டுகள்தான். 1948இல் நீண்ட இசைத்தட்டு வந்து, 1982இல் குறுந்தட்டு வந்து, ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்தைத் தாண்டலாம் என்று ஆன பிறகுதான் நாம்லுக் மாதிரி ஆட்களுக்கு இடம் கிடைத்தது.

நம்மூரில் தம்புராவுக்கு நடந்தது வேறு. 1970களின் இறுதியில் பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் என்ற பொறியாளர், புல்லாங்குழல் வாசிக்கிறவர், அதை ஒரு சின்ன மின்னணுப் பெட்டிக்குள் அடைத்தார். ராடெல் பெட்டி. தம்புராவைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறும் கஷ்டத்தை நினைத்தால் அவருக்குக் கோயிலே கட்டலாம். இன்றைக்கு அதுவும் மறைந்து கைபேசிச் செயலி ஆகிவிட்டது. ஒரே பொருள், அங்கே தனித் தட்டு, இங்கே வசதி. நான் இரண்டையும் குறை சொல்ல மாட்டேன்.

இந்தியாவில் மின்னணு இசையைத் தீவிரமாக முயன்றுபார்த்த கதை ஒன்று உண்டு. வெளியிட ஒரு நிறுவனம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கீதா சாராபாய் அகமதாபாத் தொழிலதிபர் குடும்பத்துப் பெண். 1946இல் நியூயார்க் போனார். அங்கே ஜான் கேஜ் அவருக்கு மேற்கத்திய இசை இலக்கணம் சொல்லிக்கொடுத்தார், பதிலுக்கு இவர் கேஜுக்கு இந்திய இசை சொல்லிக்கொடுத்தார். காசு வாங்கவில்லை இரண்டு பேரும். இசை எதற்கு என்று கேஜ் கேட்டபோது, மனத்தை அடக்கி அமைதியாக்கி மேலான ஒன்றுக்குத் தயார்செய்வதற்கு என்று தன் குரு சொன்னதைக் கீதா சொன்னார். கேஜ் வாழ்நாள் முழுக்க அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். 1952இல் கேஜ் நாலரை நிமிஷ மௌனத்தை ஒரு இசைப்படைப்பாக மேடையேற்றினார். பியானோ முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தவர் டேவிட் டியூடர். அதே டியூடர் 1969இல் அகமதாபாத் வந்தார். 1961இல் கௌதம் சாராபாய், கீரா சாராபாய் முன்முயற்சியில் உருவான தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், மூக் சின்தசைசரும் நாடாப் பதிவுக் கருவிகளும் வைத்து ஒரு மின்னணு இசைக்கூடம் அமைத்துக்கொடுத்தார்.

மூன்று வருஷம் அது நடந்தது. கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா. மேற்கே பல பேருக்கு மூக் எப்படி இருக்கும் என்றே தெரியாத காலத்தில் இவர்கள் அதோடு மல்லுக்கட்டினார்கள். ஜோஷிபுரா விண்வெளிப் பயணத்தைக் கற்பனை செய்து 'ஸ்பேஸ் லைனர் 2001' என்று ஒன்று செய்தார். 1972இல் கூடம் அடங்கிப்போயிற்று. நாடாக்கள் அலமாரிக்குப் போயின.

பிறகு நாற்பத்தைந்து வருஷம் ஒன்றுமில்லை. இதை யாரும் தடைசெய்யவில்லை, எரிக்கவில்லை, வெள்ளமும் வரவில்லை. யாரும் வெளியிடவில்லை, அவ்வளவுதான். வெளியாகாததால் யாரும் கேட்கவில்லை. கேட்காததால் அடுத்து வந்தவர்கள் எல்லாரும் தாங்கள்தான் முதல் ஆள் என்று நினைத்து ஆரம்பித்தார்கள். பிரிட்டிஷ் இசைக்கலைஞர் பால் பர்காஸ் அந்த நிறுவனத்தின் ஆவணக்காப்பகத்தில் நாடாக்களைக் கண்டெடுத்து, 2020இல் பிபிசி வானொலியில் அதைப் பற்றி ஒரு நிகழ்ச்சி செய்தார். 2023இல்தான் லண்டனிலிருந்து ஒரு சுயேச்சை நிறுவனம் அவற்றைத் தொகுத்துத் தட்டாகப் போட்டது. ஐந்நூறு பேருக்காவது 1972இல் கொடுத்திருந்தால்? ஐந்நூறு வேண்டாம், ஐம்பது? ஐம்பது பிரதியில் பதினைந்து தொலையும், பதினைந்து உடையும், பத்தை எலி கடிக்கும். மீதி பத்து எங்காவது ஒரு பையன் கையில் கிடைத்திருக்கும்.

சரி, பெரிய நிறுவனம் வெளியிட்டால் தப்பித்துவிடுமா? அதுவும் இல்லை. பம்பாய் சினிமா வாத்தியக்காரர் சரண்ஜித் சிங் 1982இல் ரோலண்ட் கருவிகளை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்தார். வெளியிட்டது எச்எம்வி. விற்கவில்லை, மறந்துவிட்டார்கள். டச்சு சேகரிப்பாளர் எடோ பூமன் பழைய தட்டுக் கடையில் அதைக் கண்டெடுத்து 2010இல் தன் குட்டி நிறுவனத்தில் மறுபதிப்பு செய்தபோது உலகம் திடுக்கிட்டது. அவர் பயன்படுத்திய அதே கருவிகளை வைத்து சிகாகோவில் 'ஆசிட் ஹவுஸ்' பிறப்பதற்குச் சில வருஷம் முன்பே இது வந்திருந்தது. சரண்ஜித் தன் எழுபதுகளில் ஐரோப்பிய மேடைகளில் வாசித்துவிட்டு 2015இல் காலமானார். அவருக்காவது கைதட்டல் காதில் விழுந்தது.

அப்படியானால் எது காப்பாற்றுகிறது? நிறுவனம் பெரிதா சிறிதா என்பது முக்கியமில்லை என்று நினைக்கிறேன். விடாமல் கேட்கும் ஆட்கள் இருக்கிறார்களா என்பதுதான். இந்த இடத்தில் எங்கள் பக்கத்து ஆள் ஒருவரைப் பற்றிப் பேசாமல் போக முடியாது.

உலகத்தில் எழுதியதற்காகப் பட்டம் வாங்கியவர்கள் உண்டு, பாடியதற்காக உண்டு. ரசித்ததற்காகவே பட்டம் வாங்கிய ஆள் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார். தென்காசி பூர்விகம், 1882இல் பிறந்தவர், வக்கீலுக்குப் படித்தவர், அறநிலையத் துறை ஆணையராக இருந்தவர். திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் அவர் வீட்டின் வட்டமான தொட்டிக்கட்டில் நண்பர்கள் கூடுவார்கள். 'வட்டத்தொட்டி' என்று பெயர். உறுப்பினர் கட்டணம் கிடையாது, தீர்மானம் கிடையாது. டி.கே.சி. ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு நிறுத்தி நிதானமாக, ஒரே அடியைத் திரும்பத் திரும்பச் சொல்வார். கூடியிருப்பவர்கள் கேட்பார்கள். பிற்காலத்தில் அவர் குற்றாலத்துக்கே வந்துவிட்டார், வட்டமும் கூடவே வந்தது. ராஜாஜி வந்தார், கல்கி வந்தார். 1954இல் மறையும் வரை அந்த வீடு கேட்கிறவர்களின் வீடாக இருந்தது. 1941இல் அண்ணாமலை நகரில் தொடங்கிய தமிழிசை இயக்கத்தில் அவர் குரல் அவ்வளவு உறுதியாக ஒலித்ததற்கும் இதுதான் காரணம். புரியாத மொழியில் கேட்டுத் தலையாட்டுவதை அவரால் ரசனை என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஆனால் டி.கே.சி.யிடம் ஒரு ஆபத்தும் இருந்தது. கம்பனில் தன் காதுக்கு ஒட்டாத பாட்டுகளை இடைச்செருகல் என்று ஒதுக்கிவிட்டார். புலவர்கள் கொதித்தார்கள். ஏட்டுச் சுவடி ஆதாரம் கேட்டார்கள். அவருக்குக் காதுதான் ஆதாரம். ஒரு சின்ன இசை நிறுவனம் நடத்துகிறவரின் அதிகாரமும் இதேதான். எது தட்டாகும், எது அலமாரிக்குப் போகும் என்பதை ஒருவருடைய காது முடிவுசெய்கிறது. டி.கே.சி. ஒதுக்கிய பாட்டுகள் மற்ற பதிப்புகளில் பத்திரமாக இருக்கின்றன. ஒரு லேபிள்காரர் ஒதுக்கிய நாடா எங்கே இருக்கும்? இந்த வேறுபாடு சின்னது இல்லை. ரசனையை மட்டும் நம்பி ஒரு காப்பகத்தை ஒப்படைக்க முடியாது என்றுதான் நான் நினைக்கிறேன். டி.கே.சி. மேல் எவ்வளவு பிரியம் இருந்தாலும்.

வட்டத்தொட்டிக்குப் பிறகும் குற்றாலம் கேட்கிறவர்களை இழுத்துக்கொண்டுதான் இருந்தது. 1980களின் இறுதியில் கவிஞர் கலாப்ரியா இங்கே கவிதைச் சந்திப்புகள் நடத்தினார். அவற்றின் பெயர் 'பதிவுகள்'. நாடாவே ஓடாத பதிவுகள். அங்கே போய்வந்தவர்கள் இன்றைக்கும் எழுதும் நினைவுக் குறிப்புகளில்தான் அவை இருக்கின்றன.

அதே காலத்தில் தென்காசி, திருநெல்வேலி மாதிரி ஊர்களில் இன்னொரு பதிவு வேலை மும்முரமாக நடந்தது. ரெக்கார்டிங் சென்டர். இப்போது இருபது வயதில் இருப்பவர்களுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஒரு தாளில் பாட்டுகளின் பட்டியல் எழுதிக் கடை அண்ணாச்சியிடம் கொடுக்க வேண்டும். அறுபது நிமிஷக் கேசட்டா, தொண்ணூறா என்று கேட்பார். "ரெண்டு நாள் கழிச்சு வாங்க." அட்டையில் ஏ பக்கம், பி பக்கம் என்று அழகான கையெழுத்தில் பாட்டுகளின் பெயர் எழுதித் தருவார். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடக் கூடாதே என்று நல்ல அண்ணாச்சிகள் கணக்குப் போட்டு, மிச்சம் இரண்டு நிமிஷம் இருந்தால் ஒரு வாத்திய இசைத் துண்டைப் போட்டு நிரப்புவார்கள். 1988இல் இளையராஜாவின் 'நத்திங் பட் விண்ட்' வந்த பிறகு அந்த மாதிரி இட்டு நிரப்பல்களுக்குப் பஞ்சமே இல்லை. பட்டியலில் இல்லாத ஒரு பாட்டைத் தானாகவே சேர்த்து, "கேட்டுப் பாருங்க, பிடிக்கலைன்னா அழிச்சுத் தாரேன்" என்பவர்களும் உண்டு. சட்டப்படி பார்த்தால் இது முழுத் திருட்டு, இசையமைத்தவருக்கு நயா பைசா போகாது. அதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனாலும் வாடிக்கையாளரின் காதை இவ்வளவு தெரிந்துவைத்திருந்த கடை அதற்குப் பின் வரவில்லை. பரிந்துரை நிரல் எழுதுகிற தொழிலின் ஓரத்தில் இருக்கிறவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

திரும்ப நாம்லுக்குக்கு வருவோம். அவர் இறந்ததும் அவருடைய ரசிகர்கள் என்ன செய்தார்கள்? இரங்கல் எழுதிவிட்டுக் கலைந்துவிடவில்லை. அமெரிக்காவில் அவருடைய தட்டுகளை விற்றுக்கொண்டிருந்த வட்டத்திலிருந்து 2013இல் 'கார்ப்பே சோனம்' என்று ஒரு புது நிறுவனம் முளைத்தது. முதல் வெளியீடு அவருக்கான அஞ்சலி, பல குறுந்தட்டுகள் அடங்கிய பெட்டி. தலைப்பு ஜெர்மன் மொழியில், உலகம் ஒலிமயம் என்று பொருள் வரும். அவரோடு வாசித்தவர்களும், அவரைக் கேட்டு வாசிக்க வந்தவர்களும் அதில் இருந்தார்கள். பழைய தட்டுகளின் எண், அட்டை, வருஷம், எத்தனை பிரதி என்ற கணக்கையெல்லாம் ரசிகர்கள் ஏற்கெனவே பட்டியல் போட்டு வைத்திருந்தார்கள். வாங்கியவர்கள் வெறும் வாடிக்கையாளர்களாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

இன்றைக்கு ஆம்பியன்ட் இசை முன்னெப்போதையும்விட அதிகமாக ஒலிக்கிறது. தூங்க, படிக்க, நிரல் எழுத, குழந்தையைத் தூங்கவைக்க. ஆனால் அதைச் செய்கிறவர்களின் நிலைமை வேறு கணக்கு. ஸ்பாடிஃபையில் ஒரு உருப்படியை முப்பது வினாடி கேட்டால் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. இருபது நிமிஷ ஆலாபனைக்கும் ஒரு தடவைதான், முப்பத்தொரு வினாடித் துண்டுக்கும் ஒரு தடவைதான். அந்த இருபது நிமிஷத்தில் துண்டுகளை முப்பத்தெட்டு தடவை ஓட்டிவிடலாம். நீளத்தையே உயிராகக் கொண்ட ஒரு இசைக்கு இதைவிட மோசமான தராசு கிடைக்காது. 2024இலிருந்து, பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவை கேட்கப்படாத உருப்படிக்குப் பணமே கிடையாது என்று விதி வந்தது. ஐந்நூறு பிரதிக்காரர்கள் பலர் அந்த இடத்திலேயே கழன்றுவிட்டார்கள். அமெரிக்கப் பத்திரிகையாளர் லிஸ் பெல்லி 2025இல் 'மூட் மெஷின்' என்று ஒரு புத்தகம் எழுதினார். தூக்கம், அமைதி மாதிரியான பட்டியல்களைக் குறைந்த செலவில் மொத்தமாகச் செய்து வாங்கிய, முகமில்லாத இசையால் எப்படி நிரப்புகிறார்கள் என்று அதில் காட்டியிருக்கிறார். கவனிக்காவிட்டாலும் நிற்க வேண்டும் என்ற ஈனோவின் இலக்கணத்தில் பாதியை மட்டும் கம்பெனிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். கவனித்தால் நிற்க வேண்டும் என்ற மறுபாதி அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

சின்ன நிறுவனங்கள் ஒதுங்கிய இடம் பேண்ட்கேம்ப். 2008இல் வந்தது. டிஜிட்டல் விற்பனையில் பதினைந்து சதவீதம் எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடும். யார் வாங்கினார்கள் என்பதும் தெரியும், நேரடியாக நன்றி எழுதலாம். 2020 மார்ச்சில் கொரோனா நேரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை தன் பங்கையே விட்டுக்கொடுத்தது, அதுவே பிறகு வழக்கமாயிற்று. ஆனால் 2022இல் எபிக் கேம்ஸ் அதை வாங்கியது, 2023இல் சாங்டிரேடர் கைக்கு மாறியது, ஊழியர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வேலை போயிற்று. ஃபேக்ஸ் எண்ணை நம்பி இருந்ததைவிட இது பாதுகாப்பானதா என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. நாம்லுக்கின் தட்டு வாங்கியவர் வீட்டில் தட்டாவது இருந்தது.

வீட்டில் இருப்பதும் சும்மா இருந்துவிடாது. எங்கள் ஊர்ச் சாரல் மாதங்களில் கேசட் நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூசணம் பூக்கும். ஓடவிட்டால் டெக்கின் தலையிலும் ஒட்டிக்கொள்ளும், அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். பழைய ஸ்டுடியோ நாடாக்களில் இன்னொரு வகை உண்டு. காந்தத் துகளை ஒட்டிவைத்திருக்கும் பசை காற்றின் ஈரத்தைக் குடித்துப் பிசுபிசுத்துவிடும். அப்படிப்பட்ட நாடாவை மிதமான சூட்டில் மணிக்கணக்கில் வாட்டி ஈரத்தை எடுத்தால் சில வாரங்களுக்குச் சரியாக ஓடும். அதற்குள் கணினிக்கு மாற்றிவிட வேண்டும்.

தென்காசிப் பக்கம் பல வீடுகளின் பரணில் இன்னும் அந்த ரெக்கார்டிங் சென்டர் கேசட்டுகள் கிடக்கின்றன. சினிமாப் பாட்டுகள் எல்லாம் இணையத்தில் இருக்கின்றன, அவற்றை யாரும் காப்பாற்ற வேண்டியதில்லை. ஆனால் அதே கேசட்டுகளின் நடுவே, டேப் ரெக்கார்டரின் சிவப்புப் பட்டனை அழுத்திக் கோயில் கொடையில் பிடித்த வில்லுப்பாட்டு இருக்கும், நையாண்டி மேளம் இருக்கும், கல்யாண வீட்டு நாதஸ்வரம் இருக்கும். அட்டையில் ஊர் பெயரும் வருஷமும் மட்டும் பேனாவில் எழுதியிருப்பார்கள், வாசித்தவர் பெயர் இருக்காது. வாசித்தவரை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். கேசட் டெக் பழுதுபார்க்கிறவர்களும் அருகிவிட்டார்கள். ரப்பர் பெல்ட்டுக்குத்தான் கஷ்டம், மற்ற பாகங்களைப் பழைய டெக்குகளிலிருந்தே பிரித்துப் போட்டுக்கொள்ளலாம்.